போட் லிஃப்ட்: வாங்குமுன் போட வேண்டிய கணக்கும் வாங்கியபின் பார்க்க வேண்டிய பராமரிப்பும்

புதிதாகப் படகு வாங்கியவர்கள் போட் லிஃப்ட், அதாவது படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி நிறுத்திவைக்கும் சாதனம், விற்பவரிடம் போனதும் கேட்பது இதுதான்: "என் படகு 22 அடி. எந்த லிஃப்ட் சரியாக இருக்கும்?" நீளத்தைச் சொல்லி லிஃப்ட் கேட்பதில்தான் பாதித் தவறுகள் தொடங்குகின்றன. 22 அடியில் இரண்டாயிரம் பவுண்டு அலுமினியப் படகும் உண்டு, ஆறாயிரம் பவுண்டு ஃபைபர் படகும் உண்டு. லிஃப்டுக்குத் தெரிந்ததெல்லாம் எடை ஒன்றுதான்.

ஃபுளோரிடா கால்வாய்க் கரையிலோ, மிச்சிகன், மினசோட்டா, ஒன்டாரியோ ஏரிக்கரையிலோ வீடும் படகும் சேர்ந்து அமைந்தவர்களுக்காக இதை எழுதுகிறோம். அங்கே லிஃப்ட் ஆடம்பரம் இல்லை. மாதக்கணக்கில் தண்ணீரிலேயே கிடக்கும் ஃபைபர் படகின் ஜெல்கோட் என்ற மேற்பூச்சுக்குள் ஈரம் ஊறிக் கொப்புளம் விடும். உப்புத் தண்ணீரில் சில வாரங்களிலேயே பார்னக்கிள் என்ற ஓட்டுடலி ஒட்டத் தொடங்கிவிடும். 1988ல் செயின்ட் கிளேர் ஏரியில் கண்டறியப்பட்ட வரிக்குதிரைச் சிப்பி, இன்று பல நன்னீர் ஏரிகளில் எஞ்சினின் குளிர்நீர்க் குழாய் வரை புகுந்து அடைக்கிறது. வேலை முடிந்ததும் படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி வைத்துவிட்டால் இந்த மூன்று தொல்லையும் இல்லை. ஆனால் தவறாகத் தேர்ந்தெடுத்த லிஃப்ட், படகைத் தண்ணீரைவிட வேகமாகக் கெடுக்கும்.

எடைக் கணக்கு

விற்பனைக் கையேட்டில் போட்டிருக்கும் எடை பெரும்பாலும் 'உலர் எடை'. அதில் பெட்ரோல் கிடையாது, பேட்டரி கிடையாது, பல சமயம் எஞ்சினே கிடையாது. எஞ்சின் சேர்ந்ததா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிறகு நீங்களே கூட்டுங்கள். லிஃப்டின் திறன் பவுண்டில் குறிக்கப்படுவதால் கணக்கையும் பவுண்டிலேயே போடுவது நல்லது.

கடல்மீன் பிடிக்கும் 22 அடி சென்டர் கன்சோல் (ஓட்டும் மேடை நடுவில் உள்ள திறந்த) படகு ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெறும் உடல் 3,200 பவுண்டு. பின்முனையில் வெளியே மாட்டும் 250 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின் 550. பெட்ரோல் கேலனுக்குச் சுமார் 6.1 பவுண்டு, எனவே 90 கேலன் டேங்க் நிரம்பினால் 549. இரண்டு பேட்டரி 110. மேற்கூரைச் சட்டம் 250. நங்கூரம், சங்கிலி, ஐஸ்பெட்டி, உயிர்காப்பு அங்கி, தூண்டில் சாமான் எல்லாம் சேர்த்து 300. மொத்தம் 4,959. இதற்கு மேல் 20 சதவீதம் கூட்டினால் 5,951. வழக்கமாகக் கிடைக்கும் அளவுகளில் 7,000 பவுண்டு லிஃப்ட்தான் இதற்குப் பொருத்தம். கையேட்டின் 3,200ஐ மட்டும் நம்பிப் போனவர் 4,500 பவுண்டு லிஃப்டோடு வீடு திரும்பியிருப்பார். முதல் நாளிலிருந்தே அது திறனுக்கு மீறிய சுமையைத்தான் தூக்கிக்கொண்டிருக்கும்.

கூட்டிப் பார்ப்பதில் சந்தேகம் இருந்தால், படகை டிரெய்லரில் ஏற்றி, டேங்கை நிரப்பி, லாரி எடைமேடையில் நிறுத்துங்கள். டிரெய்லரை மட்டும் தனியாக எடை போட்டுக் கழித்துவிடுங்கள். இதைவிட நம்பகமான வழி இல்லை.

அந்த 20 சதவீதம் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். மழைக்கு. 22 அடி நீளம், 8 அடி அகலம் உள்ள திறந்த படகில் ஓர் அங்குல மழை விழுந்து வெளியேறாமல் நின்றால், கூம்பிய முன்பக்கத்தைக் கழித்துப் பார்த்தாலும் சுமார் 750 பவுண்டு தண்ணீர். வடிகால் துளையில் இலை அடைத்த ஒரே இரவில் இது நடந்துவிடும்.

மொத்தத் திறன் போதும், ஆனால் மூலை தாங்குமா?

இதை விற்பவர்களும் அதிகம் சொல்வதில்லை. 8,000 பவுண்டு லிஃப்ட் என்றால் நான்கு மூலைக்கும் தலா 2,000. படகின் எடை சமமாகப் பரவியிருந்தால்தான் அந்தக் கணக்கு செல்லும். அவுட்போர்டு படகில் எஞ்சின், பேட்டரி, பல சமயம் டேங்க் எல்லாமே பின்பாதியில்தான் இருக்கும். 7,000 பவுண்டு படகின் எடையில் 65 சதவீதம் பின்பக்கம் விழுந்தால் பின்னிரு மூலைகளுக்கு 4,550, ஒவ்வொன்றுக்கும் 2,275. மொத்த எடை திறனுக்குள்தான் இருக்கிறது, பின் கேபிள்கள் மட்டும் மீறிவிட்டன. அறுந்த கேபிள்களில் பின்மூலைக் கேபிள்கள் அதிகம் இருப்பதற்கு இது முக்கியக் காரணம். லிஃப்ட் பொருத்தும்போதே படகின் எடைமையம் தொட்டிலின் (படகைச் சுமக்கும் சட்டம்) முன்பின் இரண்டு பீம்களுக்கும் நடுவில் விழும்படி படகை முன்னே நகர்த்தி நிறுத்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த அளவு லிஃப்டுக்குப் போங்கள்.

உங்கள் கரையை அளந்து பாருங்கள்

அளவு குறித்த கம்போடு, தண்ணீர் மிகக் குறைவாக இருக்கும் பருவத்தில், லிஃப்டின் நான்கு கால்கள் வரப்போகும் நான்கு இடத்திலும் ஆழம் எடுங்கள். தொட்டில் பீமும் அதன் மேல் படகு உட்காரும் தாங்குபலகையும் சேர்ந்து ஒன்றிலிருந்து ஒன்றரை அடியை எடுத்துக்கொள்ளும். எஞ்சினைத் தூக்கிய நிலையில் படகு அமிழும் ஆழம் அதற்கு மேல். இரண்டையும் கூட்டி, அரையடி மிச்சம் வையுங்கள். கோடையில் நான்கடி இருந்த இடம் செப்டம்பரில் இரண்டரை அடியாகும் ஏரிகள் உண்டு. டொராண்டோவுக்கு வடகிழக்கே கவார்த்தா ஏரிப்பக்கம் வீடு வாங்கும் நம்மவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். டிரென்ட் செவர்ன் நீர்வழி ஏரிகளில் மதகுகளை வைத்துத்தான் நீர்மட்டம் நிர்வகிக்கப்படுகிறது, இலையுதிர் காலத்தில் மட்டத்தை இறக்குவார்கள்.

அடித்தரை மணலா, சேறா, பாறையா என்பதும் முக்கியம். சேற்றில் கால்தட்டு சிறியதாக இருந்தால் ஒரு கால் மட்டும் அமிழ்ந்து லிஃப்ட் கோணிக்கொள்ளும். அகலமான தட்டு கேட்டு வாங்குங்கள்.

எந்த வகை எங்கே

ஃபுளோரிடாவில் அதிகம் பார்ப்பது நான்கு தூண் லிஃப்ட். தண்ணீருக்குள் அடித்த நான்கு தூண்கள், மேலே இரண்டு பீம், மோட்டார், கீழே கேபிளில் தொங்கும் தொட்டில். ஓதமும் ஆழமும் அதிகமுள்ள இடத்துக்கு இதுதான் சரி. மரத்தூண் என்றால் கடல்நீருக்கு ஏற்ற பதனம், அதாவது கன அடிக்கு 2.5 பவுண்டு சிசிஏ (செம்பு கலந்த மரப் பதன மருந்து), செய்த மரம் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். குறைந்த பதன மரத்தைக் கப்பல்புழு (மரம் துளைக்கும் கடலுயிரி) நீர்மட்டத்துக்குக் கீழே சத்தமில்லாமல் தின்றுவிடும், மேலிருந்து பார்த்தால் தூண் கல்போலத் தெரியும்.

உறையும் ஏரிகளில் தரையில் நிற்கும் அலுமினிய லிஃப்ட்தான் வழக்கம், பனிக்காலத்துக்கு முன் கரையேற்றலாம் என்பதால். அதில் இரண்டு பிரிவு. கேன்டிலீவர் வகையில் இருபக்கச் சட்டங்கள் சாய்ந்து எழுந்து படகைத் தூக்கும். கேபிள் குறைவு, கோளாறும் குறைவு, ஆழமற்ற நீருக்கும் ஒத்துவரும். ஆனால் தூக்கும் உயரம் குறைவு, படகு மேலேறும்போது கூடவே முன்னோ பின்னோ நகரும், அதற்கு இடம் விட வேண்டும். செங்குத்து வகை நேராக மேலே தூக்கும், உயரமும் அதிகம். அதற்கு ஈடாகக் கூடுதல் கேபிளும் கப்பியும் பராமரிக்க வேண்டும். அமைதியான, ஆழமற்ற விரிகுடாவில் இருப்பவருக்கு கேன்டிலீவர் போதும் என்பது எங்கள் எண்ணம். அலையும் மட்ட ஏற்றமும் அதிகமுள்ள திறந்த கரையில் செங்குத்து வகைக்குத்தான் போக வேண்டும்.

ஆழம் மிக அதிகமாகவும் மட்டம் பல அடி ஏறி இறங்குவதாகவும் உள்ள நீர்த்தேக்கங்களில், காற்று நிரப்பும் பிளாஸ்டிக் தொட்டிகளால் ஆன மிதக்கும் லிஃப்ட் பயன்படும். அங்கே தரையில் கால் ஊன்றுவது நடக்காது.

தாங்குபலகை

படகின் அடிப்பகுதியைத் தாங்கும் நீளப் பலகைகள் இவை. படகுக்குள் நீளவாக்கில் ஓடும் சட்டங்களுக்கு நேர் கீழே இவை வர வேண்டும். அடியில் வரிவரியாகத் தெரியும் விளிம்புகளின் மேல் பலகை உட்கார்ந்தால் முழு எடையும் ஒரு கோட்டில் குவிந்து ஃபைபர் விரியும். பலகை, எஞ்சின் மாட்டியிருக்கும் படகின் பின்சுவர் விளிம்பு வரை நீள வேண்டும். ஓரடி குறைந்தாலும் எஞ்சின் எடை தொங்கி, அடிப்பாகம் மெல்ல வளைந்துவிடும். அப்படி வளைந்த படகு வேகமெடுக்கும்போது மூக்கைக் கீழே அழுத்தும், காரணம் தெரியாமல் எஞ்சினைக் குறை சொல்வார்கள். படகின் அடியில் நடுவே ஓடும் முதுகு (கீல்) தொட்டில் பீமில் படக்கூடாது, இரண்டு அங்குலமாவது இடைவெளி இருக்கட்டும்.

பதனம் செய்த மரத்தில் செம்பு இருக்கும். அது அலுமினியத்தை நேராகத் தொட்டால் அலுமினியம் அரித்துப்போகும். இடையில் பிளாஸ்டிக் தகடு வைக்கச் சொல்லுங்கள். இதே காரணத்தால் செம்பு கலந்த அடிப்பெயின்டைத் தொட்டிலில் பூசவே கூடாது.

மின்சாரம்: சிக்கனம் வேண்டாம்

முக்கால் குதிரைத்திறன் மோட்டார் 115 வோல்ட்டில் 13.8 ஆம்ப் இழுக்கும், 230 வோல்ட்டில் 6.9 தான். வீட்டிலிருந்து படகுத்துறை 200 அடி தள்ளி இருந்தால், 115ல் ஒயரிலேயே வோல்ட் விழுந்து மோட்டார் சூடாகும். அங்கே 230க்குப் போங்கள்.

வீட்டுப் படகுத்துறை லிஃப்டுக்கு ஜிஎஃப்சிஐ (மின்கசிவு வந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) பாதுகாப்பு அமெரிக்க தேசிய மின் விதிகளில் கட்டாயம். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன்தான் வேலை செய்ய வேண்டும், அதுவும் துறை வேலை தெரிந்தவர். மின்கசிவு நன்னீரில்தான் இன்னும் ஆபத்து. மனித உடல் நன்னீரைவிட நன்றாக மின்சாரத்தைக் கடத்துவதால், கசிந்த மின்சாரம் நீந்துபவரின் உடல் வழியே போகும். தசை இறுகி, கத்தக்கூட முடியாமல் மூழ்கிவிடுவார்கள். துறைக்கு மின்சாரம் வந்திருக்கும்போது அருகே யாரும் நீந்தக் கூடாது, குழந்தைகள் உட்பட. தண்ணீரில் உடம்பு சுறுசுறுவென்றால் துறையை விட்டு விலகி நீந்த வேண்டும். கரையில் இருப்பவர் முதலில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும், குதித்துக் காப்பாற்றப் போகக் கூடாது.

அனுமதி

தூண் அடிக்கும் முன் கேளுங்கள். அமெரிக்காவில் படகு ஓடும் நீர்நிலை என்றால் ராணுவப் பொறியாளர் படை, மாநிலச் சுற்றுச்சூழல் துறை, கவுன்டி, குடியிருப்போர் சங்கம் என்று பல கதவுகள். டென்னசி பள்ளத்தாக்கு ஏரிகளுக்கு டென்னசி வேலி அதாரிட்டி, டிரென்ட் செவர்னுக்குப் பார்க்ஸ் கனடா. அனுமதி யார் எடுப்பது என்பதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேருங்கள்.

தூக்கும் முறை

1. தொட்டிலைப் படகு தாராளமாக நுழையும் அளவு இறக்குங்கள். அதற்கு மேல் இறக்க வேண்டாம்.
2. மெதுவாக உள்ளே வந்து, வழிகாட்டிக் கம்பத்தில் ஒட்டிய அடையாள டேப்பும் படகில் ஒட்டிய அடையாள டேப்பும் நேராகும் இடத்தில் நிறுத்துங்கள். எஞ்சினை அணைத்து மேலே தூக்குங்கள்.
3. எல்லோரும் இறங்கட்டும். ஆளோடு தூக்கக் கூடாது.
4. பலகைகள் படகைத் தொட்டு எடை ஏறத் தொடங்கும்போது நிறுத்தி, நான்கு மூலையும் பாருங்கள். கோணல் இருந்தால் இறக்கி, சரிசெய்து மறுபடி ஏற்றுங்கள்.
5. நீருக்கு மேல் வந்ததும் அடிப்பக்க வடிகால் பிளக்கைக் கழற்றுங்கள். சாவி வளையத்திலேயே அதை மாட்டிவைத்தால் இறக்கும்போது மறக்காது. பின்பக்கம் ஓர் அங்குலம் தாழ்ந்திருந்தால் தண்ணீர் தானே வடியும்.
6. உச்சிக்குப் போகும் முன்பே நிறுத்துங்கள். தொட்டில் மேல் பீமில் முட்டினால் மோட்டார் நிற்காது, கேபிள்தான் அறும்.

மேலே ஏறி முடியும்வரை சுவிட்சை விட்டு நகராதீர்கள், ரிமோட் இருந்தாலும்.

கேபிள்

லிஃப்டின் ஆயுள் இங்கேதான் இருக்கிறது. நான்கு தூண் லிஃப்டில் பொதுவாக 5/16 அங்குல, 7×19 அமைப்புக் கேபிள் இருக்கும். ஏழு புரி, புரிக்குப் பத்தொன்பது கம்பி. நன்னீரில் கால்வனைஸ்டு (துத்தநாகம் பூசிய) கேபிள் நன்றாக உழைக்கும், அவ்வப்போது எண்ணெய் காட்டினால் போதும். உப்புத் தண்ணீரில் ஸ்டெயின்லெஸ் போடுங்கள். அதிலும் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றும் செலவு வரும் என்று இப்போதே மனதில் வையுங்கள்.

ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காது என்ற நம்பிக்கை பலரைக் கவிழ்க்கிறது. அதன் மேற்பரப்பைக் காப்பது ஆக்ஸிஜன் உருவாக்கும் மெல்லிய படலம். சேற்றிலோ தேங்கிய நீரிலோ வாரக்கணக்கில் அமிழ்ந்து கிடந்தால் அந்தப் படலம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளாது, புள்ளி புள்ளியாக அரிக்கும். ஆகவே படகை எடுத்துக்கொண்டு வெளியூர் போனால் காலித் தொட்டிலையும் மேலே தூக்கி வைத்துவிட்டுப் போங்கள். மேலோட்டமான, தேநீர் நிறத்துப் பழுப்புக் கறை பயப்படக்கூடியதல்ல, விரல் நகத்தில் தட்டும் குழி பயப்பட வேண்டியது.

மாதம் ஒருமுறை மின்சாரத்தை நிறுத்தி, பழைய பருத்தித் துணியால் கேபிளைச் சுற்றிப் பிடித்து நீளவாக்கில் இழுங்கள். உடைந்த கம்பி இருந்தால் துணி மாட்டும். வெறுங்கையால் தடவினால் கை கிழியும். ஒரு கம்பி உடைந்து தெரிந்தாலே புதுக் கேபிளுக்குச் சொல்லிவிடுங்கள். மாற்றும்போது நான்கையும் சேர்த்து மாற்றுங்கள், ஒன்று புதிது மூன்று பழையது என்றால் நீட்சி வேறுபட்டுத் தொட்டில் கோணும்.

கேபிளை அறுப்பதில் பெரும் பங்கு கப்பிக்கு. சுழலாமல் இறுகிய கப்பியின் மேல் கேபிள் ஒவ்வொரு முறையும் உரசி, கப்பியில் தட்டையான பள்ளம் விழும். கண்டுபிடிக்க எளிய வழி: ஒவ்வொரு கப்பியிலும் நடுவிலிருந்து விளிம்பு வரை மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடுங்கள், லிஃப்டை ஓரடி ஏற்றி நிறுத்துங்கள். எந்தக் கப்பியில் கோடு அதே இடத்தில் நிற்கிறதோ, அதன் அச்சைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள், அல்லது கப்பியை மாற்றுங்கள்.

கேபிளைச் சுற்றும் உருளையான டிரம்மில் கேபிள் பக்கம்பக்கமாக, பள்ளத்தில் அமர்ந்து சுற்ற வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் நசுங்கும். அளவுக்கு மீறி இறக்கினால் கேபிள் முழுவதும் அவிழ்ந்து மறுபக்கமாகச் சுற்றத் தொடங்கும். அப்போது 'இறக்கு' பொத்தானை அழுத்தினால் தொட்டில் மேலே வரும். அது நடந்தால் உடனே நிறுத்தி, எதிர்த்திசையில் முழுவதும் அவிழ்த்துச் சரியான பக்கம் சுற்றுங்கள். கடைசி நிலையிலும் டிரம்மில் மூன்று சுற்று மிச்சமிருக்கட்டும்.

கேபிளின் நுனியை மடித்து யு வடிவ இறுக்கியான யு கிளிப் போட்டு முடித்திருந்தால், 5/16 கேபிளுக்குக் குறைந்தது இரண்டு கிளிப். கிளிப்பின் தட்டையான அடிப்பாகம் சுமை தாங்கும் கேபிளின்மேலும், யு வளைவு வெட்டுமுனைப் பக்கமும் இருக்க வேண்டும். மாறிப் போட்டால் யு வளைவு சுமைக் கேபிளை நசுக்கும்.

மற்றவை

கிரீஸ் நிப்பிள்களுக்கு (கிரீஸ் செலுத்தும் சிறு முனைகள்) மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீர் புகாத மரைன் கிரீஸ். கியர்பாக்ஸ் எண்ணெய் அளவு, பெல்ட் விரிசல், போல்ட் இறுக்கம் வருடம் இருமுறை. உப்பு நீரில் ஒவ்வொரு உபயோகத்துக்குப் பிறகும் நன்னீரால் கேபிளையும் தொட்டிலையும் கழுவுங்கள். லிஃப்டின் உலோகத்துக்குப் பதிலாகத் தான் அரிபடும் தியாகக் கட்டி பாதி கரைந்ததும் மாற்றுங்கள். கையால் சுழற்றித் தூக்கும் கைச்சக்கர வின்ச் இருந்தால் அதன் பிரேக் தட்டில் எண்ணெய் ஒரு துளிகூடப் படக்கூடாது. பட்டால் பிரேக் வழுக்கி, படகின் எடையோடு சக்கரம் தானே சுழலும். சுழலும் சக்கரத்தைக் கையால் பிடிக்க முயலவே முயலாதீர்கள், விலகி நில்லுங்கள்.

புயலும் பனியும்

சூறாவளி வருகிறதென்றால் படகை லிஃப்டில் விடாதீர்கள், டிரெய்லரில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோங்கள். கடல் பொங்கினால் படகு தொட்டிலிலிருந்து மிதந்து எழுந்து தூணின் மேலேயே குத்திக்கொள்ளும். வேறு வழியே இல்லாதபோது பிளக்கைக் கழற்றி, படகைத் தூண்களோடு கட்டி, மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் போங்கள்.

ஏரியில் கூரைத்துணி போட்ட லிஃப்டைக் காலியாக விட்டால் பலத்த காற்று அதைக் கவிழ்த்துவிடும். படகு வெளியே இருக்கும் நாட்களில் துணியைக் கழற்றுங்கள், அல்லது லிஃப்டைத் துறையோடு கட்டுங்கள். ஏரி உறையும் முன் சக்கரம் மாட்டிக் கரையேற்றுங்கள். நகரும் பனிப்பாளம் அலுமினியச் சட்டத்தை முறுக்கிவிடும். கரையில் இருக்கும் மாதங்கள்தான் வெல்டிங் விரிசல் பார்க்கவும் கேபிள் மாற்றவும் நல்ல நேரம். வசந்தத்தில் இறக்கிய பின் காலித் தொட்டிலில் ரசமட்டம் வைத்துச் சமன் செய்யுங்கள், படகேற்றி ஒரு வாரத்தில் மறுபடி பாருங்கள், கால்கள் புதிதாக அமிழ்ந்திருக்கும்.

பழைய லிஃப்ட் வாங்குபவர்களுக்கு ஒன்று. திறன் எழுதிய தகடு இல்லாததை வாங்காதீர்கள். வேறு ஏரியிலிருந்து கொண்டு வந்தால் சிப்பியும் பாசியும் கூடவே வரும். மினசோட்டாவில் ஒரு நீர்நிலையிலிருந்து எடுத்த லிஃப்டை இன்னொன்றில் இறக்கும் முன் 21 நாள் காய வைப்பது சட்டம். அந்த 21 நாளையும் சேர்த்தே உங்கள் பருவத் தொடக்கத்தைத் திட்டமிடுங்கள்.